அரைப் புள்ளி

ஓலோமோட்ஸ் திடலில் மழை அப்போதுதான் விட்டிருந்தது.
முப்பத்தேழாம் எண். ஐம்பத்தைந்தாம் வருடத்து யாவா.
உடையவள் வெண்டுலா,
நனையாமல் ஜாக்கெட்டுக்குள் பாகப் பட்டியலை
அணைத்துக்கொண்டு நின்றாள்.

காந்தத்தை எடுத்தேன்.
பின் மட்கார்டில் ஒட்டவில்லை: ஃபைபர். மூன்று புள்ளி.
கார்ப்பரேட்டர் புதுசு; வார்ப்பின் விளிம்பு
இன்னும் விரலைக் கீறுகிறது. இரண்டு.
சீட் உறையை அவளே ஒப்புக்கொண்டாள்:
"அவசரத்துக்குப் போட்டது."

முகப்பு விளக்கின் கூட்டைக் காந்தம் கவ்வியது.
வளைவு சரி. முத்திரை சரி.
"இது மட்டும் அச்சு அசல்" என்றாள்.
மற்ற இரு நடுவர்களும் தட்டிப் பார்த்து
தலையாட்டி நகர்ந்துவிட்டார்கள்.

உள்ளே விரலை விட்டேன்.
இடப்பக்கம், கீழே,
பற்றவைத்த இடத்தில் கோதுமை மணி அளவு தழும்பு.

எழுபத்தெட்டு, டிசம்பர்.
காசிருந்தாலும் ஒரு திருகாணி கிடைக்காத காலம்.
டிராக்டர் பட்டறையில், இரவு ஷிப்டில்,
எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி, தட்டித் தட்டி
பதினொரு கூடுகள் செய்தேன்.
பதினொன்றிலும் அதே இடத்தில் கை நடுங்கியது.
ஒன்றை ஒரு பன்றித் தொடைக்குக் கொடுத்தேன்.

பேனா கொஞ்ச நேரம் தாளைத் தொடவில்லை.
பிறகு எழுதினேன்: அசல் அல்ல.
அரைப் புள்ளி கழித்தேன்.

அவள் முகம் சுண்டிப்போயிற்று.
"எப்படித் தெரியும்?"
"தெரியும்."
"சரி, அசல் கிடைத்ததும் மாற்றிவிடுகிறேன்."
"மாற்று. இதை எனக்கு விற்றுவிடு."
"போலிக்கு என்ன விலை தருவீர்கள்?" சிரித்தாள்.

ஒரு பன்றித் தொடை என்றேன்.