நெப்போஸ்

பங்குத் தாளுக்கு மாதம் ஒரு பக்கம்
பாப்பரசர்கள் வரலாறு.
ஃபாதர் அமலதாசன் கேட்டார், மறுக்க முடியவில்லை.
குருமடத்தில் இரண்டு வருஷம் லத்தீன் படித்துவிட்டு
ஓடி வந்தவன் நான்;
அந்தக் கடனை இப்படித்தான் கழிக்கிறேன்.

புலாவ் தீக்குஸ், ஐந்தாவது மாடி.
கீழே பாசாரில் மீன் கழுவிய தண்ணீர் ஓடுகிறது.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடித்த மதலைமுத்து
சோபாவில் வாய் திறந்து தூங்குகிறான்.
நான் பதினாறாம் நூற்றாண்டில்
ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

நெப்போஸ்.
பேரன் என்றும் கொள்ளலாம்,
உடன்பிறந்தார் பிள்ளை என்றும் கொள்ளலாம்.
லத்தீனுக்கு அது போதும்.
தமிழ் விடாது.
அண்ணன் பிள்ளையா அக்காள் பிள்ளையா என்று
வாசலிலேயே நிறுத்திக் கேட்கும்.
முதலாமவன் மகன், இரண்டாமவன் மருமகன்.
நடுவில் நிற்க ஒரு சாண் இடம் கிடையாது.

புத்தகத்தில் இருப்பது இவ்வளவு:
தெருவில் கிடைத்த ஒரு பையன்,
வீட்டுக் குரங்கைப் பார்த்துக்கொண்டவன்.
கர்தினால் தன் சகோதரனிடம் சொல்லி
அவனைத் தத்தெடுக்க வைத்தார்.
பாப்பரசரான கையோடு
பதினேழு வயதுத் தலையில் சிவப்புத் தொப்பி.
ரோமாபுரி சிரித்தது.
தூதர்கள் தங்கள் ஊருக்கு எழுதினார்கள்:
சொல்லிக்கொள்கிறார்கள்.
கேள்விப்பட்டோம்.
எதிரிகள் பாட்டுக் கட்டினார்கள்.
அவர் எழுதியதாக ஒரு வரிகூட
என் புத்தகத்தில் இல்லை.

“உண்மையா?”
கண் திறக்காமல் கேட்டான் மதலை.
தெரியாது என்றேன்.
விளக்குப் பிடித்து நின்றவன் எவனும்
சாட்சி சொல்லவில்லை;
சாட்சி சொன்னவன் எவனும்
அங்கே நிற்கவில்லை.
“உண்மையா இருந்தா உனக்கு நல்லதா?”

அதற்குத்தான் பதில் வரவில்லை.
ஒரு காலத்தில் ஆசையாக இருந்தது,
முத்திரை மோதிரம் போட்ட கை ஒன்று
என் தோளில் விழுந்து
நானும்தான்டா என்று சொல்ல வேண்டுமென்று.
ஆனால் அந்தப் பையனுக்கு வயது
பதினாலோ பதினைந்தோ.
அவனை யாரும் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.
கையில் குரங்கு, அப்புறம் கையில் மோதிரம்.
இல்லை, அந்த வீட்டோடு
நான் உறவு கொண்டாட மாட்டேன்.
வதந்தி மெய்யானாலும் மாட்டேன்.

போன வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில்
மதலையின் நெஞ்சுக்குள் ஒயர் விட்ட இரவு
நர்ஸ் ஒரு பாரம் நீட்டினாள்.
நாமா. அலாமாட். ஹூபுங்கான்.
பெயரும் முகவரியும் எழுதிவிட்டேன்,
உறவு என்ற கோட்டில் பேனா நின்றது.
இருபத்திரண்டு வருஷம்.
கோயிலில் அவன் என் மாமன் மகன்.
வீட்டுக்காரி மிஸஸ் கூவுக்கு கஸின்.
அன்னம்மாள் திருவிழாக் கூட்டத்தில் யாரோ கேட்டபோது
“ரெண்டு பேரும் பட்டர்வொர்த்” என்று
ஊரைச் சொல்லித் தப்பித்தோம்.
நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்.
சவுடாரா என்று எழுதினேன்.
நம் சோதரன்தான்,
கப்பலேறி வந்து இங்கே தளர்ந்துபோனவன்.
யாருக்கும் யாரும் ஆகலாம்.
அவள் படிக்காமலே முத்திரை குத்தினாள்.

மதலை எழுந்து மாத்திரை டப்பாவைத் தேடுகிறான்.
வியாழன் அறை காலி,
நேற்றே தின்றுவிட்டான் போல. திட்டினேன்.

மகன் என்று எழுதி அடித்தேன்.
மருமகன் என்று எழுதி அடித்தேன்.
வளர்ப்பு என்று தொடங்கி, சீ என்று அதையும்.
கடைசியில் நெப்போஸ் என்றே விட்டு
ஸகரத்தின் தலையில் புள்ளி வைத்து
அனுப்பிவிட்டேன்.

ஃபாதர் சிவப்பு மையில் வட்டம் போட்டுத்
திருப்பியிருக்கிறார்:
தோட்டம் அமைத்ததை விரிவாக எழுதலாமே.
இந்தச் சொல் நம் சனங்களுக்குப் புரியாது.
பையன்
யார் வீட்டுப் பிள்ளை?