காரணம்: காற்று

சாண்டியாகோவிலிருந்து ஆக்லாந்து
ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
உலக உருண்டைமேல் நூல் பிடித்தால்
அண்டார்க்டிகா பக்கம் கொஞ்சம் தொய்யும்.
போகப் பதின்மூன்று மணி நேரம், வரப் பதினொன்று.
தூரம் அதேதான்.
காற்றுக்குத்தான் ஓரவஞ்சனை.

இருபத்திரண்டு வருடமாக
இஸ்மேனியா போடும் கணக்கு இது:
எத்தனை டன் எண்ணெய் குடிக்கும்,
எந்த உயரத்தில் குலுங்கும்,
நடுக்கடலில் ஓர் எஞ்சின் நின்றுபோனால்
எங்கே இறக்குவது.
பெயர்கள் அவள் திரைக்கு வருவதில்லை,
தலைக்கணக்கு மட்டும்.
இருநூற்று அறுபத்தொன்று.

இன்று அதில் ஒரு தலை எலெயுத்தேரியோ.
இரண்டு பெட்டி, இடது முழங்காலில் வலி,
போன மாதம் கையெழுத்தான விவாகரத்து.

வெள்ளி இரவு ஏறி
ஞாயிறு விடியுமுன் இறங்குவான்.
நடுவிலிருக்கும் சனிக்கிழமையைத்
தேதிக்கோடு தின்றுவிடும்.
அந்தச் சனிதான் அவனுக்கு ஐம்பது.
'இந்த வருஷம் வயசே ஏறாது பார்' என்று
செய்தி அனுப்பியிருந்தான்.
அவள் பதில் போடவில்லை.

விதிப்படி போதுமான எண்ணெய் இருந்தது.
மேற்கொண்டு ஆயிரத்து இருநூறு கிலோ சேர்த்தாள்.
காரணம் கேட்கும் கட்டத்தில்
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது.
'காற்று' என்று அடித்தாள்.

விமானி அழைத்தான்:
"முன்னறிவிப்பில் அப்படி ஒன்றும் இல்லையே?"
"இருக்கும்" என்றாள்.

வேலை முடிந்து வெளியே வந்தபோது
மணி பன்னிரண்டே முக்கால்.
சனிக்கிழமை.
அவனுக்கு வராதது
இவளுக்கு முழுசாக வந்திருந்தது.
துவைக்கவேண்டிய கம்பளி ஒன்று
வீட்டில் கிடக்கிறது.