பெப்ரவரிக் காசு

மூன்று நாளாய்
பிரேக்கை மிதித்தால் சுவரை மிதித்த மாதிரி.
ஆமர் வீதிச் சந்தியில் பஸ்ஸொன்று குறுக்கே விழ
இருக்கையிலிருந்து எழும்பி நின்றே மிதித்தேன்.
பதினொரு பிள்ளைகள், பதினொரு புத்தகப் பைகள்.
முட்டாமல் நின்றது வான்.
டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சீறல் மட்டும்
நிற்கவில்லை.

ஸவாஹிர் பாஸ் காது வைத்துக் கேட்டார்.
"பூஸ்டர் முடிஞ்சி, தங்கச்சி.
காத்து உள்ளுக்குப் போகுது."

காற்று உள்ளே போனால் என்ன குற்றம் என்று
அன்றைக்குத்தான் கேட்டேன்.
இருபத்தாறு வயது வான்; ஒன்பது வருடம் என்னுடையது.
அந்தக் கறுத்தச் சட்டிக்குள்
ஒன்றுமே இருக்கக் கூடாதாம்.
அந்த ஒன்றுமில்லாததுதான்
என் காலோடு சேர்ந்து மிதிக்குமாம்.
நடுவிலிருக்கும் ரப்பர்த் தோல் கிழிந்தால்
அங்கேயும், எல்லா இடத்தையும் போல,
காற்று.

பஞ்சிகாவத்தையில் புதுசு நாற்பத்தெட்டாயிரம்.
நுவன் மல்லி கழற்றின சாமான் குவியலில் ஒன்றை இழுத்து,
துடைத்து, குழாயில் வாய் வைத்து உறிஞ்சி,
நாக்கை அதிலே ஒட்டவிட்டு
விரல்களால் எண்ணிக் காட்டினான்.
பத்து மட்டும் நாக்கு விடுபடவில்லை.
ஜப்பானில் எந்த வானை நிறுத்தியதோ.
பத்தொன்பதுக்குத் தந்தான்.

போயா. பள்ளிக்கூடம் இல்லை.
கிராண்ட்பாஸ் ஒழுங்கையில், மழை வருமோ வராதோ என்று
பாஸ் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினார்.
மிச்சம் நான்கு நட்டும் உள்ளே, மிதிக்கு மேலே.
அவர் தோள் அங்கே போகாது.
வயிறு அதற்கு முன்னமே போகாது.
"நீங்க போங்க" என்று
டோர்ச்சையும் பன்னிரண்டு ஸ்பெனரையும் தந்தார்.

தலைகீழாய்க் கிடந்தேன்,
கால்கள் சாரதி இருக்கையின் மேலே,
கண்ணிமையில் துரு உதிர.
ஒன்பது வருடம் மிதித்ததை
முதன்முதலாக முகத்துக்கு நேரே பார்த்தேன்.
வலப்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது.

மூன்று நட்டு வந்தது. நாலாவதுக்குக் கையை விட,
வயர்க்கட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே
ஒரு கடித உறை.
"அனோஜிதா, பெப்ரவரி." சரிந்த கையெழுத்து.
உள்ளே ஏழாயிரத்து ஐந்நூறு.

அந்த மாதம் தர்மினியை
வாசலில் வைத்து, ஆட்கள் பார்க்க,
இரண்டு முறை கேட்டேன்.
"பிள்ளையிட்டக் குடுத்தனான், அக்கா" என்றாள் முதல் முறை.
இரண்டாவது முறை ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் காசு வந்தது, பாதிக்கு மேல் நூறு ரூபாய்த் தாள்களாய்.
எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன்.
அதற்குப் பிறகு அவள் கை காட்டுவதில்லை.
கேட் சாத்துகிற சத்தம் மட்டும்.

"கழண்டிச்சா?" என்றார் பாஸ்.
இன்னும் ஒன்று, என்றேன்.

மற்றச் சட்டி ஏறியது.
தள்ளுகம்பியின் நீளத்தைப் பழையதோடு வைத்து அளந்தார்.
நகத்தின் தடிப்புக் கூடினால் பிடித்தது விடாதாம்,
குறைந்தால் பிடிக்கப் பிந்துமாம்.
பிறகு மிதிங்க, பிடிங்க, விடுங்க,
மிதிங்க, பிடிங்க, விடுங்க,
எண்ணெயில் குமிழி தீரும்வரை.

கடைசியாக, எஞ்சின் ஓடாமல்
நாலைந்து தரம் மிதிக்கச் சொன்னார். கல்லானது.
"இப்ப காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணுங்க."
என் பாதத்துக்குக் கீழே மிதி
தானாகவே கொஞ்சம் இறங்கியது,
பஸ்ஸில் யாரோ ஒதுங்கி இடம் விட்ட மாதிரி.

அடுத்த நாள் காலை, புளூமெண்டல் வீதி.
கால் இன்னும் பழைய பலத்தை மறக்கவில்லை.
இரண்டாவது வாசலில் வான் குத்தி நின்று
ஏறியிருந்த மூன்று பேரும் ஒன்றாகத் தலையாட்டினார்கள்.
ஐந்தாவது வாசல் தர்மினியுடையது.
தூரத்திலிருந்தே மெல்லத் தொட்டுத் தொட்டு வந்தேன்.

பிள்ளையை ஏற்றிவிட்டுத் திரும்பினாள்.
கேட் சத்தம் வருவதற்கு முன்
எஞ்சினை நிறுத்தி இறங்கினேன்.
கையில் உறை. ஏழெட்டு அடி.
யோசித்து வைத்திருந்த வசனம்
பாதி வழியில் தீர்ந்துபோனது.
பின்னால் ஆட்டோக்கள்
ஹோர்ன் அடிக்கத் தொடங்கியிருந்தன.