பதினேழு கிலோ

மானந்தவாடியிலிருந்து ஐந்து பஸ் மாறி வந்தது வில்.
மார்த்தாண்டத்தில் கண்டக்டர் கேட்டார்:
"இதுக்கு அரை டிக்கெட்டா, முழுசா?"

பால்வெட்டு முடிந்த பத்து மணிக்கு நாண் ஏற்றினேன்.
தொடைக்குக் கீழே பனைவைரம் முனகி வளைந்தது.
பிடிக்கும் நாணுக்கும் நடுவே
ஒரு முட்டியும் நிமிர்ந்த பெருவிரலும் நிற்கணும்.
விரல் நெரிந்தது.
கழற்றி, நாணில் நான்கு முறுக்கு கூட்டி
மறுபடி.

முதலில் ஈரச்சாக்கில் அடித்தாற்போல் தப்பென்றது.
இன்னும் இரண்டு முறுக்கு.
இப்போது
காதருகே ஒரு வண்டு போகிறது.

ஷீட் நிறுக்கிற தராசில் கொளுவி இழுத்தான் டென்சிங்.
"பதினேழு கிலோ. இதுக்கு வெல கெடைக்காதுலே."

அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போனது,
குளத்துக் கெளுத்திக் குஞ்சு மாதிரி.
நாணில் கட்டிய சிவப்பு நூலை
ஒரு நெல்லளவு மேலே நகர்த்தினேன்.
அடுத்தது ஆடவில்லை.
உமிச்சாக்கின் கரிப்பொட்டுக்கு ஒரு சாண் இடப்பக்கம்,
ஆனாலும் நேராக.
ஒன்பதுவரை எண்ணினேன்.
முந்நூறு மரம் வெட்டி மரத்த தோளுக்குள்
இன்னொரு தோள் இருந்திருக்கிறது.

ஓரம்பு
சாக்கைத் தாண்டி ரப்பர் மரத்தில் ஏறியது.
பிடுங்கினேன்.
துளையில் வெள்ளையாய் ஒரு சொட்டு.
பிறகு இன்னொன்று.
முதலாளியின் மரம்.
சிரட்டையை அதற்கடியில் நகர்த்திக் கட்டினேன்.

பேச்சிப்பாறைப் பக்கமிருந்து மழை இரைந்து வந்தது.
நாணை இறக்கியும் வில் முழுசாய் நிமிரவில்லை;
தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

டென்சிங் சிரட்டைக்குள் எட்டிப் பார்த்தான்.
"இது எவன் வெட்டுன பாலுலே?"