முப்பத்திரண்டு சென்டிமீட்டர்

டான்யூபில் பனிக்கட்டி மிதந்த வாரம்
ரூசே நகரத்து எங்கள் கடைக்குள்
துணிப்பையில் ஒரு வட்டத் தட்டோடு
ராதோஸ்தினா வந்தார்.
அளவுநாடா கொண்டுவருவார்கள்;
தட்டையே தூக்கி வந்தவரை
இந்தப் பதினோரு வருடத்தில் பார்த்ததில்லை.

ஏர் ஃபிரையர் கூடைமேல் வைத்தார்.
கிணற்று வாயில் வண்டிச் சக்கரம்.
மைக்ரோவேவ் தகரத்தைக் கண்டால்
மின்னல் வெட்டும் என்றேன்.
டோஸ்டர் ஓவன் மலிவு.
மேலே கரி, நடுவே பச்சை மாவு
என்பதைச் சொல்லாமலிருக்கத்தான் சம்பளம்.
சொல்லிவிட்டேன்.

மிச்சம் ஒன்று: விசிறி வைத்தது,
நாற்பத்தைந்து லிட்டர்.
தட்டு வழுக்கிப் போய் உட்கார்ந்தது.

எத்தனை பேருக்குச் சமையல்?
எல்லாரிடமும் கேட்பதுதான்.
கதவைத் திறந்தார், மூடினார், திறந்தார்.
"பழைய ஓவன் வீட்டோடு அவரிடம் போயிற்று.
சீஸ் வைத்து பனிட்சா சுருட்டினால்
இந்த வட்டம்தான் வருகிறது.
ஒருத்திக்கு என்று கையை எப்படிக் குறுக்குவது?"

வயரிங் தாங்குமா?
ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டுச் சுடுவாராம்.
மேடையில் இடம்?
இல்லை; சாப்பாட்டு மேசைமேல்.
அப்போது சாப்பிடுவது?
"நின்றுகொண்டு."

மூன்று வருட உத்தரவாதம் எழுதி
டாக்சிவரை நானே சுமந்தேன்.

சனிக்கிழமை அதே பை, அதே தட்டு.
உள்ளே முக்கால் வட்டம், ஆவியோடு.
"கால்வாசி எனக்குப் போதும்.
உங்கள் கடையில் எத்தனை பேர்?"

நாலு பேர்.
அடி கொஞ்சம் தீய்ந்திருந்தது.
யாரும் சொல்லவில்லை.