ஏழு நொடி

எண்பத்திரண்டு நவம்பர்,
கெமி, காகித ஆலைத் தொழிலாளர் மன்றம்.
முதல் கேசட்டின் மேல் என் கையெழுத்து.
வந்தவர்கள் நாற்பத்து மூன்று என்று எழுதி
அடித்துவிட்டு முப்பத்தொன்று என்றிருக்கிறேன்.
மீதிப் பன்னிரண்டும் ஆணியில் தொங்கிய கோட்டுகள்.

குழுவின் பெயர் ஈரத் தீக்குச்சி.
இல்போ டிரம்ஸ், டார்மோ கிடார்,
ரைலி பாட்டு, பாஸ், கெட்ட வார்த்தை.
நான் வேன் ஓட்டினேன்.
மேடைக்கு எதிரே நின்று பதிவும் செய்தேன்.
கம்பளித் தொப்பிக்குள் மைக்கை ஒளித்திருந்ததால்
நான் தலையாட்டிய இடங்களில் எல்லாம்
கிடார் விலகிப் போய்த் திரும்பி வருகிறது.

வேன் ஒரு ரொட்டிக் கடையில் வாங்கியது.
பக்கவாட்டில் கடைப் பெயரை அழிக்கப்
பெயின்டுக்குக் காசில்லை.
கஜானியில் காலை ஆறு மணிக்கு
ஒருத்தி கண்ணாடியைத் தட்டி இரண்டு ரொட்டி கேட்டாள்.
டார்மோ தன் சாண்ட்விச்சைக் கொடுத்து
பாக்கிச் சில்லறையும் கொடுத்தான்.

"பால் தீர்ந்துபோச்சு" என்றொரு பாட்டு.
அதில் வரி ஒன்று, கோபம் நிறைய.
கெமியில் இரண்டு நிமிடம் நாற்பது நொடி.
அடுத்த மார்ச், குவோப்பியோ, இரண்டு பதினொன்று.
யோவென்சூவில் ஒன்று ஐம்பத்திரண்டு.
இல்போ சிம்பலை அடகு வைத்த வாரம் அது,
ரொட்டித் தட்டில் அடித்தான்.
ராவ்மாவில் ஒன்று முப்பத்தெட்டு.
ஏன் இவ்வளவு அவசரம் என்றேன்.
இல்போவைக் கேள் என்றாள் ரைலி.
டார்மோவைக் கேள் என்றான் இல்போ.
டார்மோ அதற்குள் வேனில் ஏறி உட்கார்ந்திருந்தான்.

தொண்ணூறு நிமிட கேசட், பக்கத்துக்கு நாற்பத்தைந்து.
நின்றதும் எடுத்து, திருப்பி, அழுத்த
எனக்கு ஏழு நொடி.
கையுறையோடு பதினொன்று.
லப்பேன்ரன்டா அடிதடியின் நடுப்பகுதி
அந்த இடைவெளியில்தான் கிடக்கிறது:
முதல் பக்கத்தின் கடைசியில் பாட்டில் பறக்கிறது,
மறுபக்கத்தின் தொடக்கத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

துர்க்கு, எண்பத்தைந்து மே.
பாட்டு முடிந்து ரைலியின் மூச்சு
மைக்கில் உரசுகிறது.
"இனிமேல்" என்கிறாள்.
டக்.

மறுபக்கத்தில்
டார்மோவின் ஆம்ப்ளிஃபயர் தனியாக ஊளையிடுகிறது.
ஒரு கதவு.
அப்புறம் இருபது நிமிடம்
நாற்காலிகளை அடுக்கும் சத்தம்.
ஏன் அணைக்காமல் விட்டேன் என்று தெரியாது.

இனிமேல் நீங்களே பாடிக்கொள்ளுங்கள்
என்றாளாம், படகு எஞ்சின் விற்கும் இல்போ சொல்கிறான்.
இனிமேல் மேடையில் தண்ணீராவது வையுங்கள்
என்றுதான் சொன்னாள், டார்மோ சத்தியம் செய்கிறான்.
இருபது வருடமாக இதற்காகவே
இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

வாசாவில் பல் டாக்டரிடம்
வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறாள் ரைலி.
போன வாரம் கூப்பிட்டேன்.
பின்னால் துளைக்கிற மிஷின்.
"அதற்கு மேல் ஒன்றுமே சொல்லவில்லையே" என்றாள்.
"சொல்ல வந்தேன். உன்னைப் பார்த்தேன்.
நீ குனிந்திருந்தாய்."

கேசட்டுகளை இப்போது டிஜிட்டலாக மாற்றுகிறார்கள்,
எண்பத்தொன்பதையும்.
ஸ்டூடியோவில் யோனி என்று ஒரு பையன்.
இந்த ஓட்டையை ஒட்டிவிடலாம்,
கைதட்டலை இழுத்து மேலே போட்டால்
கேட்கிறவருக்குத் தெரியாது என்றான்.
வேண்டாம், வெற்றாக விடு என்றேன்.

"எவ்வளவு நேரம்?"

அன்றைக்கு மே மாதம், கையுறை போடவில்லை என்றேன்.
அவன் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தான்.
ஏழு என்று எழுதிக்கொள்.