பட்டினி போட்ட தட்டு

துரோம்சோவில் சூரியன் போய்ப் பதினோரு நாளாகிறது.
மூன்றாம் மாடியில், முப்பத்தேழு டிகிரி வெதுவெதுப்பில்
அறுபத்திரண்டாம் எண் செல்கள் விழித்திருக்கின்றன.
நேற்று மாலை அவற்றின் உணவை உறிஞ்சி எடுத்தது நான்தான்.
உப்புத் தண்ணீர் மட்டும் ஊற்றினேன்.
சோதனை அப்படி.

உணவு இருக்கும்வரை செல்லுக்குள் ஒரு மேஸ்திரி கத்திக்கொண்டிருப்பான்:
கட்டு, இன்னும் கட்டு, இரண்டாகப் பிரி.
அவன் குரல் அடங்கினால்தான்
துப்புரவு ஆட்கள் வெளியே வருவார்கள்.
உடைந்த உலை, மடங்கிப்போன புரதம்,
எதுவானாலும் ஒரு சவ்வு வளைந்து வந்து அணைத்துக்கொள்ளும்.
அணைப்பு என்றா சொன்னேன்? விழுங்கும்.
பிறகு அமிலப் பை. பிறகு மறுபடி செங்கல்.
பசி வந்தால் பத்தும் பறப்பது நமக்கு.
செல்லுக்கு அந்தப் பத்தும் இரை.

நுண்ணோக்கியில் கண் வைக்கிறேன்.
சாயம் ஏறிய பச்சைப் புள்ளிகள். ஒன்று, நான்கு, எண்ண முடியாதபடி.
வடக்கொளி போல என்று எழுதமாட்டேன்.
இந்த ஊரில் எல்லாவற்றையும் அதற்குத்தான் ஒப்பிடுகிறார்கள்.

மாதிரிகளுக்குப் பெயர் கிடையாது.
ஆனால் கணையக் கட்டி, ஆண், ஐம்பத்தெட்டு வயது,
படகு எஞ்சின் பழுது பார்ப்பவர் என்று
படிவத்தில் யாரோ தேவையில்லாமல் எழுதிவிட்டார்கள்.
அப்படி இங்கே எத்தனை பேர்?
பதினாறு வருடம் அவன் சட்டைக் காலரில்
டீசல் கறை துவைத்தவள் நான்.

ஓட்லெய்ஃப் எதையும் எறியமாட்டான்.
கராஜில் தேய்ந்த பிஸ்டன், விரிசல் விட்ட கேஸ்கட்,
எந்தப் படகுக்கும் பொருந்தாத மூன்று பம்புகள்.
முதலில் காருக்கு இடமில்லாமல் போனது.
பிறகு எனக்கு.

குப்பை அள்ளாத செல்லிலும் இதேதான்:
ஓட்டை உலை புகை கக்கும்,
புகையில் மரபின் எழுத்துகள் கருகும்,
கருகியதைத் தப்பாகப் படித்த மேஸ்திரி
நிறுத்தாமல் கட்டச் சொல்வான்.
இதுவரை இந்தக் கதை எனக்குப் பிடித்திருந்தது.
குற்றம் யாருடையது என்று தெரிந்த கதை.

மிச்சம் பிடிக்கவில்லை.
வளர்ந்த கட்டியின் நடுவுக்கு இரத்தம் எட்டாது.
மூச்சில்லை, சர்க்கரையில்லை.
சாக வேண்டிய அந்த இடத்தில் அது
துடைப்பத்தைக் கையிலெடுக்கிறது.
தன்னையே கிள்ளிக் கிள்ளித் தின்று
மருந்தின் நாட்களைத் தாண்டிவிடுகிறது.
காவல் காத்த அதே கை.

ஒரு பிப்ரவரியில், சென்யா தீவுக்கு அப்பால், எஞ்சின் நின்றுபோய்
மேசை, படுக்கைப் பலகை, கடைசியில் கதவு
எல்லாவற்றையும் அடுப்பில் போட்டு இரண்டு இரவைக் கடந்தான்.
எறியத் தெரியாதவனுக்கு எரிக்கத் தெரிந்திருந்தது.
கரை சேர்ந்த படகு வெறும் கூடு.
"மிதந்ததே, போதாதா?" என்று சிரித்தான்.

சனிக்கிழமை கடையில் பார்த்தேன்,
காலிப் பாட்டில் வாங்கும் இயந்திரத்தின் முன்.
கோட்டு மட்டும் தனியாக வந்து நிற்பதுபோல.
அவன் சதை உள்ளே எங்கோ செலவாகிறது.
ஒவ்வொன்றாகத் தள்ளினான். இயந்திரம் மென்றது.
"வேலை எப்படிப் போகிறது, இங்வில்?"
விதிமுறை இருக்கிறது. பரவாயில்லை என்றேன்.
முப்பத்தொன்பது குரோனுக்கான ரசீதை நீட்டினான்:
"காபி குடி."

இன்று அமிலப் பையை முடக்கும் மருந்து.
பழைய மலேரியா மாத்திரைக்கு உறவு.
குப்பை வண்டி வரும், கொட்ட இடமிருக்காது.
சில தட்டுகளில் பலிக்கிறது.
சிலவற்றில் செல் வேறு வழி பார்த்துக்கொள்கிறது.

அறுபத்திரண்டே,
அவனுக்காகத்தான் உன்னைக் கொல்ல வந்திருக்கிறேன்
என்றால் உனக்கு எப்படிப் புரியும்,
நீயும் அவன்தானே.

பிபெட் நுனியிலிருந்து சொட்டு விழுகிறது.
இரண்டு மணி பத்து நிமிடம் என்று
ஏட்டில் குறித்துக்கொள்கிறேன்.